ஸ்ட்ராபெர்ரிக்கு வெளிச்சமும் வேணும், இருட்டும் வேணும்

நான் படிக்க வந்து தங்கியிருக்கும் பபேடான், யாங்கூனின் சந்தை வட்டாரம். 1926ல் ஸ்காட் மார்க்கெட் என்று திறந்த இன்றைய போஜோ சந்தை இங்கேதான். காய்கறியில் இருந்து மூலிகை வரை கிடைக்கும் தெயின்ஜி சந்தையும் இங்கேதான்.

குளிர் விடைபெறும் மாதங்களில் யாங்கூனுக்கு ஸ்ட்ராபெர்ரி வரும். விளைவது பியின் ஊ லுவின் மலையில். பிரிட்டிஷ்காரர்கள் மேமியோ என்று பெயர் வைத்து, பர்மாவின் கோடைத் தலைநகராக வைத்திருந்த ஊர். சுமார் 1,070 மீட்டர் உயரம். நம்ம ஊட்டி மாதிரின்னு வச்சுக்கோங்களேன். அங்கிருந்து யாங்கூன் கிட்டத்தட்ட 700 கிலோமீட்டர். பிரச்சனையே அங்கதான் ஆரம்பம்.

ஸ்ட்ராபெர்ரிக்குத் தடித்த தோல் கிடையாது. பாட்ரைட்டிஸ் என்ற சாம்பல் பூஞ்சை பூப்பூக்கும்போதே உள்ளே புகுந்து, பழுக்கும் வரை சத்தமில்லாமல் காத்திருக்கும். பறித்த பிறகு வெயிலும் சேர்ந்தால் கூடையே காலி. நட்டம் விவசாயிக்கும் கூடைக்காரிக்கும்.

இதுக்கு ஒரு வைத்தியம் புற ஊதா வெளிச்சம். அதன் கதை பழத்தில் ஆரம்பிக்கவில்லை. 1877ல் இங்கிலாந்தில் டௌன்ஸ், பிளன்ட் என்ற இருவர், வெயிலில் வைத்த குழாய்களில் கிருமி வளராமல் திரவம் தெளிவாகவே இருப்பதைக் காட்டினார்கள். 1910ல் பிரான்சின் மார்செய் நகரில் இந்தக் கதிரால் குடிநீரைச் சுத்தம் செய்து பார்த்தார்கள். 1930 வாக்கில் ஃபிரெடெரிக் கேட்ஸ் காரணத்தை நெருங்கினார்: கிருமியை அதிகம் கொல்லும் அலைநீளமும் நியூக்ளிக் அமிலம் அதிகம் உறிஞ்சும் அலைநீளமும் ஒன்றுதான், சுமார் 260 நானோமீட்டர். பாதரச விளக்கு தருவது 254. கிட்டத்தட்ட அதே இடம்!

விளைபொருளுக்கு வருவோம். 1987ல் அமெரிக்காவின் டஸ்கீகி ஆய்வாளர்கள் வெங்காய அழுகலை இந்தக் கதிர் குறைப்பதை எழுதினார்கள். 1999ல் கனடாவின் லவால் பல்கலைக்கழகத்தில் ஜோசப் அருள் குழு ஸ்ட்ராபெர்ரியில் செய்து பார்த்தது. (அருள் என்ற பெயரைப் பார்த்ததும் நமக்கு ஒரு நிமிர்வு வருமே, அது எனக்கும் வந்தது :-)) 4 டிகிரியிலும் 13 டிகிரியிலும் வைத்த பழங்களின் ஆயுள் 4, 5 நாள் கூடியது. கதிர் பூஞ்சையைக் கொல்வதோடு நிற்பதில்லை. அளவாகப் பட்டால் பழமே சுதாரித்துக்கொண்டு தன் எதிர்ப்பை வளர்க்கிறது. தடுப்பூசி மாதிரி. அளவு மீறினால் பழத்துக்கே கேடு.

ஆனா பூஞ்சையும் லேசுப்பட்டது இல்லை. 1949ல் ஆல்பர்ட் கெல்னர் ஒரு வேடிக்கையைக் கண்டுபிடித்தார். புற ஊதாக் கதிரில் அடிபட்ட நுண்ணுயிர்கள் சாதாரண வெளிச்சம் பட்டதும் பிழைத்துக்கொண்டன! உடைந்த மரபுப் பொருளைத் தைக்க ஒரு நொதி. அதற்குச் சக்தி வெளிச்சம். அடிப்பதும் வெளிச்சம், ஆற்றுவதும் வெளிச்சம்.

இந்தப் பழைய விஷயத்தை ஸ்ட்ராபெர்ரிக்குப் பொருத்தியவர்கள் அமெரிக்க வேளாண் துறையின் யானிசிவிச், டகேடா குழுவினர். 2016ல் எழுதினார்கள்: கதிர் அடித்தபின் 4 மணி நேரம் இருட்டில் வை, பூஞ்சை தன்னைத் தைத்துக்கொள்ள முடியாது. கொஞ்சம் கதிரே போதும், பழத்துக்கும் காயமில்லை.

யாங்கூனுக்கு இதில் என்ன இருக்கு? 2022ல் இருந்து இங்கே மின்வெட்டு கடுமையானது. குளிர்பெட்டிக்கு நாள் முழுக்க மின்சாரம் வேணும். விளக்குக்குச் சில நிமிஷம் போதும். இருட்டு இலவசம். மாலையில் மலையிலேயே கதிர் அடித்து, மூடிய லாரியில் ராத்திரியோடு ராத்திரியாக இறக்கினால் அந்த 4 மணி நேரம் வழியிலேயே கழிந்துவிடும்.

சர்வரோக நிவாரணி இல்லை, அதையும் சொல்லிடறேன். கதிர் நிழலுக்குள் போகாது, பழத்தைப் புரட்டணும். கண்ணில், தோலில் படக்கூடாது. ராத்திரிக் குளிரும் துணைக்கு வேணும். லவாலின் 4, 5 நாள் கணக்கு குளிரில் வைத்த பழத்துக்குத்தான். மார்ச் வெயிலில் ஒரு நாள் மிஞ்சினாலும் கூடைக்காரிக்கு அது லாபம்தான்.