வாழைப்பழம் பழுத்தல்

வாழைப்பழம் பழுத்தல் என்பது முற்றிய வாழைக்காய் எத்திலீன் என்னும் தாவர வளரூக்கியின் தூண்டுதலால் நிறம், மென்மை, சுவை, மணம் ஆகியவற்றில் மாறிக் கனியாகும் நிகழ்வாகும். இதனைக் கட்டுப்படுத்தும் மரபணுக்கள் பலவும் தக்காளியிலேயே முதலில் அறியப்பட்டன. எனினும் திருவையாறு, திருக்காட்டுப்பள்ளி, இலால்குடி முதலிய காவிரிக் கரை ஊர்களில் வாழை பெருமளவில் பயிராவதால், இப்பகுதியினர் நாள்தோறும் காணும் வேதியியல் இது எனலாம்.

மூட்டம் போடுதல்

வாழை, தக்காளி, மா ஆகியவை பறித்த பின்னும் பழுக்கக் கூடியவை. திராட்சை, எலுமிச்சை ஆகியவை அத்தகையன அல்ல. மரத்திலேயே விட்டால் வாழைத்தார் ஒரே சீராகப் பழுப்பதில்லை. தோல் வெடிப்பதும் உண்டு. எனவே காய் முற்றியதும் தாரை வெட்டி, மூடிய அறையில் அடுக்கி, வைக்கோலையும் சருகையும் புகையவிடுவது நெடுநாள் வழக்கம். இங்கு வேலை செய்வது வெப்பம் மட்டுமன்று, புகையில் கலந்துள்ள எத்திலீனும்தான். எத்திலீன் தாவரங்களைப் பாதிப்பதை 1901 இல் உருசிய அறிவியலாளர் திமித்ரி நெலியூபோவ் கண்டார். பழுக்கும் பழமே அதனை வெளியிடுகிறது என்பதை 1934 இல் இங்கிலாந்தின் ரிச்சர்டு கேன் நிறுவினார்.

காய் முற்றியிருத்தல் இன்றியமையாதது. முற்றாத காயை எத்திலீன் கொண்டு பழுக்கவைத்தாலும் உரிய சுவை வருவதில்லை. 2018 நவம்பரில் கசா புயலில் வாழைகள் சாய்ந்தபோது, இளந்தார்களைப் பழுக்கவைத்து விற்று இழப்பை ஈடுகட்ட இயலாமற்போனதற்கு இதுவே காரணம்.

வளரூக்கி

மெத்தியோனைன் என்னும் அமினோ அமிலத்திலிருந்து ஏசிசி என்னும் சேர்மம் உருவாகி, அது எத்திலீனாக மாறுகிறது. பழுக்கத் தொடங்கிய காயில் எத்திலீன் மேலும் எத்திலீன் உண்டாவதைத் தூண்டும். ஒலிபெருக்கியின் முன் ஒலிவாங்கியை வைத்தால் கூச்சல் பெருகுவதைப் போன்றது இது. ஒரு பழுத்த சீப்பு அருகிலுள்ள காய்களையும் பழுக்க வைப்பது இதனாலேயே.

எத்திலீனை உணரும் ஏற்பிகள் இயல்பு நிலையில் பழுத்தலைத் தடுத்து வைத்திருக்கின்றன. எத்திலீன் பற்றியதும் அத்தடை நீங்குகிறது. பின்னர் நொதிகள் மாப்பொருளைச் சர்க்கரையாக்குகின்றன. பச்சைக்காயின் சதையில் ஏறத்தாழ 20 விழுக்காடாக இருந்த மாப்பொருள், பழத்தில் 1–2 விழுக்காடாகக் குறைகிறது. பெக்டின் சிதைவதால் சதை மென்மையாகிறது. இரசுதாளிப் பழம் சீப்பிலிருந்து எளிதில் உதிர்வதும் காம்பில் நிகழும் இத்தகைய மென்மையாதலால்தான். மோரிசு எனப்படும் கேவண்டிசு வகைப் பழங்கள் நம் வெயிலில் பழுத்தும் பச்சையாகவே தோன்றும். வெப்பம் மிகுந்தால் அவற்றின் தோலில் பச்சையம் முழுமையாகச் சிதையாததே இதற்குக் காரணம். பழத்தில் குறையேதும் இல்லை.

மரபணுக்கள்

தக்காளியில் பழுக்காத பிறழ்வு வகைகள் சில உண்டு. அவற்றுள் ரின் என்பதற்குரிய மரபணு 2002 இல் அடையாளம் காணப்பட்டது. இது பிற மரபணுக்களை இயக்கும் மேட்சு வகை மரபணு. ரின் தக்காளிக்கு எத்திலீன் ஊட்டினாலும் அது இயல்பாகப் பழுப்பதில்லை. வாழையில் இதையொத்த இரு மரபணுக்களை இசுரேலிய ஆய்வாளர்கள் ஒடுக்கி, 2016 இல் முடிவுகளை வெளியிட்டனர். அக்காய்கள் தாமதமாகவே பழுத்தன. ஆனால் எத்திலீன் ஊட்டியபோது இயல்பாகப் பழுத்துவிட்டன. வணிகத்திற்கு இந்த வேறுபாடு பெரிது: காயாகவே தொலைவு கொண்டுசென்று, வேண்டும்போது பழுக்க வைக்கலாம்.

புது தில்லியிலுள்ள தேசியத் தாவர மரபணுத்தொகை ஆராய்ச்சி நிறுவனத்தினர், செல்சுவர்ப் புரதங்களின் மீது செயற்படும் இரு நொதிகளை ஒடுக்கி, சுமார் 45 நாட்கள் கெட்டியாக இருக்கும் தக்காளியை உருவாக்கியதாக 2010 இல் அறிவித்தனர். உண்ணும் வாழைகளில் பெரும்பாலானவை விதையற்ற மும்மடியங்கள் ஆதலால், கலப்பின முறையில் இத்தகைய பண்பைப் புகுத்துவது எளிதன்று. வாழைக்கென தேசிய ஆராய்ச்சி மையம் ஒன்று 1993 முதல் திருச்சிராப்பள்ளியில் இயங்கி வருகிறது.

கார்பைடு கல்

கால்சியம் கார்பைடு ஈரத்துடன் சேர்ந்து அசிட்டிலீனை வெளியிடும். எத்திலீனின் ஏற்பிகளை அசிட்டிலீனும் பற்றும், ஆனால் அதன் வலிமை குறைவு. ஆகவே தோல் நிறம் மாறியும் உள்ளே காயாகவே இருக்கும் பழங்கள் கிடைக்கின்றன. தொழிற்சாலைக் கார்பைடில் ஆர்சனிக்கு, பாசுபரசு மாசுகள் இருப்பதே பெரிய கேடு. இந்தியாவில் இம்முறை தடைசெய்யப்பட்டுள்ளது. 2011 ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிகளும் இதைக் கூறுகின்றன. அதற்கு மாற்றாக, பத்து இலட்சத்தில் 100 பங்கு வரை எத்திலீன் வளிமத்தைப் பயன்படுத்த 2016 இல் இசைவளிக்கப்பட்டது. குளிரூட்டிய அறையில் ஏறத்தாழ ஒரு நாள் இவ்வளிமத்தைச் செலுத்தியபின் அறையைத் திறந்து காற்றோட்டம் தர வேண்டும். காய்கள் மூச்சுவிடுவதால் சேரும் கார்பனீராக்சைடு பழுத்தலைத் தடுக்கும்.