நினைவுச் சடங்கும் குழு அடையாளமும்: டாக்கா, சில்சார் மொழிப்போர் நினைவு நாள்கள்

1. முன்னுரை

ஒரு மொழியைப் பேசுவோர் அனைவரும் தம்மை ஒரே குழுவினராகக் கருதுவர் என்பது பரவலான எண்ணம். ஆயின் பொதுமொழி மட்டுமே குழுவுணர்வைத் தோற்றுவிப்பதில்லை. பலர் ஓரிடத்தில் கூடி ஒரே செயலை ஒரே வேளையில் செய்யும்போது எழும் உணர்ச்சிப் பெருக்கே குழுவைக் குழுவாக உணரச் செய்கிறது எனப் பிரெஞ்சுச் சமூகவியலறிஞர் எமில் துர்க்கைம் 1912இல் விளக்கினார். சமயச் சடங்குகளை முதன்மையாகக் கொண்டு அவர் கூறிய இக்கருத்து அரசியல் சடங்குகளுக்கு எவ்வளவு பொருந்தும் என்பதை வங்கமொழி தொடர்பான இரு நினைவு நாள்களைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

2. டாக்கா: பிப்ரவரி 21

1948 மார்ச்சு 21 அன்று டாக்காவில் பேசிய முகமது அலி ஜின்னா, பாகிஸ்தானின் அரசு மொழி உருது ஒன்றே என அறிவித்தார். அந்நாட்டு மக்களுள் பாதிக்கு மேற்பட்டோரின் தாய்மொழியோ வங்கமொழி. 1952 பிப்ரவரி 21 அன்று தடையுத்தரவை மீறிய மாணவர்கள்மீது காவல்துறை சுட்டதில் பலர் உயிரிழந்தனர். 23ஆம் நாள் இரவில் மாணவர்கள் எழுப்பிய நினைவுத்தூண் 26ஆம் நாள் இடிக்கப்பட்டது.

தூண் மறைந்தபோதும் சடங்கு நிலைபெற்றது. 1953 முதல் ஆண்டுதோறும் மக்கள் விடியற்காலையில் வெறுங்காலுடன் பாடிச் சென்று மலர் வைத்தனர். 1956ஆம் ஆண்டு அரசியலமைப்பு வங்கமொழியையும் அரசு மொழியாக ஏற்றது. கோரிக்கை நிறைவேறிய பின்னரும் சடங்கு ஓயாது வளர்ந்தது கருதத்தக்கது. 1963இல் திறக்கப்பட்ட நினைவுச்சின்னத்தை 1971இல் பாகிஸ்தான் படை தகர்த்தது. சடங்கின் வலிமையை எதிர்த்தரப்பும் உணர்ந்திருந்தமைக்கு இது சான்று.

3. சடங்கின் சொற்கள்

நினைவுச்சின்னத்தின் பெயர் 'ஷஹீத் மினார்'. இரு சொற்களும் அரபு மூலத்தன. விடியற்கால ஊர்வலத்தின் பெயரான 'பிரபாத் பேரி'யில் முதற்சொல் வடமொழி. வழியெங்கும் வரையப்படுவது நம் கோலத்தை ஒத்த 'அல்பனா'. இந்துக்களின் இல்லச் சடங்குகளில் வேர்கொண்ட வழக்கம் அது. சமய அடிப்படையில் உருவான ஓர் அரசின்கீழ், சமயத்திற்காக உயிர்நீத்தாரைக் குறித்த 'ஷஹீத்' என்னும் சொல் மொழிக்காக உயிர்நீத்தாருக்கு உரியதாயிற்று. 'நாம் யார்' என்ற வினாவிற்குச் சடங்கு அளித்த விடை இச்சொற்பொருள் மாற்றத்திலேயே அடங்கியுள்ளது.

4. சில்சார்: மே 19

அசாமிய மொழியை ஆட்சிமொழியாக்கிய 1960ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்துக் கச்சார் மாவட்டத்தில் போராட்டம் எழுந்தது. 1961 மே 19 அன்று சில்சார் தொடர்வண்டி நிலையத்தில் நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டில் 11 பேர் மாண்டனர். அவ்வாண்டே சட்டம் திருத்தப்பட்டு, அம்மாவட்ட ஆட்சியில் வங்கமொழிக்கு இடமளிக்கப்பட்டது. இங்கும் நினைவு நாள் உண்டு. மலரும் பாடலும் உண்டு. மொழியும் அதுவே. எனினும் டாக்காவின் சடங்கு ஒரு தேசத்தின் தோற்றக் கதையாயிற்று. சில்சாரின் சடங்கு, இந்தியக் குடிமக்களாகிய பராக் பள்ளத்தாக்கு மக்களின் மொழியுரிமைக் கதையாக நின்றது. ஆகவே, குழுவின் எல்லையை வகுப்பது மொழி மட்டுமன்று. மறைந்தோரை எவருடைய பெயரால், எந்த அரசை நோக்கி நினைவுகூர்கிறோம் என்பதுமாகும்.

5. எல்லைக்கு வெளியே நின்றோர்

இணைக்கும் சடங்கே பிரிக்கவும் கூடும். 1972இல் வங்கதேச அரசியலமைப்பு, குடிமக்கள் அனைவரும் வங்காளியர் எனப்படுவர் என்றபோது, சக்மா இனத்தவரான மானவேந்திர நாராயண் லர்மா, தாம் வங்காளியர் அல்லர் என்று அவையிலேயே மறுத்தார். மொழித் திணிப்பை எதிர்த்துப் பிறந்த அடையாளம் பிறமொழியாளர்மேல் தானே ஒரு பெயரைத் திணித்தது. 1999இல் யுனெஸ்கோ பிப்ரவரி 21ஐ உலகத் தாய்மொழி நாளாக அறிவித்தபின், அந்நாளின் பொருள் எல்லாத் தாய்மொழிகளுக்கும் விரிந்தது. 2017இல் சக்மா, மர்மா, காரோ உள்ளிட்ட 5 மொழிகளில் முன்தொடக்கநிலைப் பாடநூல்களை வங்கதேசம் வழங்கியது.

6. முடிவுரை

உணர்ச்சிமிகு அரசியல் சடங்கு, முன்பே உள்ள குழுவை எதிரொலிப்பதோடு அமைவதில்லை; குழுவை ஆக்குகிறது, அதற்கு எல்லையும் இடுகிறது. அவ்வெல்லை மாற்றத்திற்கு உரியது என்பதையும் அதே நாளின் வரலாறு காட்டுகிறது. மொழிக்காக மாண்டாரை நினைவுகூரும் எந்தச் சமூகமும் தன்னிடையே வாழும் சிறு மொழிகளை எவ்வாறு நடத்துகிறது என்பதே அச்சடங்கின் உண்மைத் தன்மையை அளக்கும் கோலாகும்.