இல்லாத இடத்துக்குப் போகும் பேக்கப்

சென்னை அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் மெஷின்கள் ஓய்வது அபூர்வம். ஆயுத பூஜை அன்று லேத்தையும் பிரஸ்ஸையும் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பொரிகடலைப் பொட்டலத்தோடு எல்லோரும் கிளம்பிவிடுவார்கள். கம்ப்யூட்டர் அறைக்காரர்களான எங்களுக்கு அப்போதுதான் வேலை ஆரம்பம். சர்வரில் யாரும் இல்லாத அந்த நாட்களில்தான் முழு பேக்கப் எடுப்போம். பேக்கப் சாஃப்ட்வேரில் காலாவதியான சேமிப்பு இடங்களை நீக்குவதும் அப்போதுதான்.

பேக்கப் எடுப்பதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், பழைய இடத்தை நீக்குவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. புதிதாக ஒரு கம்பெனியின் பொறுப்பு என் கைக்கு வந்தால், நான் முதலில் திறப்பது அந்த இடங்களின் பட்டியலைத்தான். எந்த வருஷம் எதை நம்பினார்கள், எதற்குப் பயந்தார்கள் என்பதெல்லாம் அதில் வரிசையாக இருக்கும்.

எஸ்டேட் தொடங்கியது 1964-ல். அதற்கு முன்பே இந்தப் பக்கம் டிஐ சைக்கிள்ஸும் டன்லப்பும் வந்துவிட்டன. ஆனால் நான் கணக்குப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்த 1990களின் நடுவில்கூட, பாதி பட்டறைகளில் சிவப்புத் துணி பைண்டு போட்ட லெட்ஜரும் டேலியும் பக்கத்துப் பக்கத்து மேஜையில் ஓடிக்கொண்டிருந்தன. பேக்கப் என்றால் ஃபிளாப்பி. ஒன்றில் 1.44 எம்பி. மாதக் கடைசியில் டேட்டாவைச் சுருக்கி, ஒரு கட்டு ஃபிளாப்பியில் துண்டு துண்டாக ஏற்றி, எண் எழுதி, ரப்பர் பேண்ட் போடுவோம். நடுவில் ஒன்று படிக்க மறுத்தால் மொத்தக் கட்டும் வீண். அதனால் இரண்டு கட்டு. ஒன்று ஆபீஸ் பீரோவில், மற்றது கேஷியரின் டிபன் பையில் கொரட்டூருக்கு. வெளியிடத்தில் ஒரு நகல் வேண்டும் என்று எங்களுக்கு எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. தீ விபத்து எப்படி இருக்கும் என்று பெயின்ட் ஷாப் வைத்திருந்தவர்களுக்குத் தெரியும், அவ்வளவுதான்.

ஜிப் டிரைவ் வந்தது, போனது. பிறகு டாட் டேப். நாலு மில்லிமீட்டர் நாடா, உள்ளங்கைக்குள் அடங்கும் கேசட். டிடிஎஸ்-3 என்றால் 12 ஜிபி, டிடிஎஸ்-4 என்றால் 20 ஜிபி. திங்கள் முதல் வெள்ளி வரை கிழமைக்கு ஒரு டேப். வெள்ளிக்கிழமை டேப் மேனேஜர் வீட்டுக்குப் போகும். ஒரு மேனேஜர் வீட்டில் அது பட்டுப்புடவைகளுக்கு நடுவே, அந்துருண்டை வாசனையோடு இருக்கும். திங்கட்கிழமை அதை வாங்கும்போதே அந்த வாசனை அடிக்கும். ‘டேட்டா பத்திரமா இருக்கும்மா, என் வீட்டம்மா பூட்டியே வச்சிருக்காங்க’ என்பார். அவர் சொன்னது உண்மைதான்.

2000-ல் எல்டிஓ வந்தது. முதல் தலைமுறை டேப்பில் 100 ஜிபி. எஸ்டேட்டின் பெரிய கம்பெனிகள்தான் முதலில் வாங்கின. 2007-ல் வந்த எல்டிஓ-4 டேப் 800 ஜிபி கொள்ளும். 2008-க்குப் பிறகு மின்வெட்டுக் காலத்தில் ராத்திரி பேக்கப் பாதியில் அறுந்துபோவது வாடிக்கையானது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய, நெட்வொர்க்கில் மாட்டும் நாஸ் பெட்டிகளும் யுஎஸ்பி டிஸ்க்குகளும் டேப்புக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தன. ஒவ்வொன்று வரும்போதும் பட்டியலில் ஒரு பெயர் கூடியது. பழைய பெயரை யாரும் எடுக்கவில்லை.

2015 டிசம்பர் 1 ராத்திரி எஸ்டேட்டுக்குள் தண்ணீர் வந்தது. தரைத்தளக் கம்ப்யூட்டர் அறைகள் பலவும் மூழ்கின. நான் போய்ப் பார்த்த ஒரு கம்பெனியில் சர்வரும், அதன் நாஸும், அந்த நாஸின் நகலை வாங்கும் இன்னொரு நாஸும் ஒரே அறையில், ஒரே மேஜைக்கடியில். மூன்றிலும் சேறு. மேஜை டிராயரில் இருந்த பேக்கப் ரிப்போர்ட் தாளில் நாலாவதாக ஓர் இடம் இருந்தது: ‘டைரக்டர் வீட்டு டிஸ்க்’. முதலாளி முகத்தில் உயிர் வந்தது. வீட்டில் தேடினால், அந்த டிஸ்க் பழுதாகி எப்போதோ பழைய இரும்புக்குப் போயிருந்தது. பட்டியலில் பெயர் மட்டும் இருந்தது. ஒவ்வொரு ராத்திரியும் சாஃப்ட்வேர் அதைத் தேடி, கிடைக்காமல், ‘தோல்வி’ என்று மெயில் அனுப்பியிருக்கிறது. தினமும் வரும் மெயிலை யார் படிப்பார்கள்? கடைசியில் ஆடிட்டர் ஆபீஸிலிருந்த பிரதியையும், வாடிக்கையாளர்கள் அனுப்பிய இன்வாய்ஸ் நகல்களையும் வைத்துக் கணக்கைத் திரும்பக் கட்டினார்கள். பல மாதம் ஆனது. அங்கிருந்த கணக்குப் பிரிவுப் பெண்கள் ராத்திரி வரை உட்கார்ந்து ஒவ்வொரு வவுச்சராகத் திரும்ப ஏற்றியதை நான் பார்த்தேன். பழைய இடங்களை நீக்கும் வேலையை இவ்வளவு பிடிவாதமாக நான் செய்வது அதனால்தான்.

மூன்று நகல், இரண்டு வகை ஊடகம், ஒன்று வெளியில் என்பது எங்கள் தொழிலின் பாடம். செத்துப்போன இடம் பட்டியலில் இருக்கும்வரை, எண்ணும்போது மூன்று வரும். கையில் அத்தனை இருக்காது. தவிர, தினமும் சிவப்பாக வரும் அந்த ஒரு வரியைப் பார்த்துப் பழகிய கண், உண்மையான தோல்வி சிவப்பாக வரும் நாளிலும் தாண்டிப் போய்விடும்.

வெள்ளத்துக்குப் பிறகு எஸ்டேட் கிளவுட் பக்கம் திரும்பியது. மைக்ரோசாஃப்ட் 2015-ல் சென்னை உட்பட இந்தியாவில் மூன்று இடங்களில் கிளவுட் சேவையைத் தொடங்கியிருந்தது. அமேசான் 2016-ல் மும்பைக்கு வந்தது. அதற்கு முன் அமேசானுக்குப் போனவர்கள் சிங்கப்பூரைத்தான் எழுதி வைத்திருந்தார்கள். 2022 ஆகஸ்டில் கம்பெனிக் கணக்கு விதிகள் திருத்தப்பட்டு, கணக்குகளின் பேக்கப் தினமும் இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் இருக்க வேண்டும் என்றாகிவிட்டது. சிங்கப்பூர் மட்டும் போதாது. கிளவுட் என்பதால் சாகாது என்றும் இல்லை. அமெரிக்காவில் நிர்வானிக்ஸ் என்ற சேமிப்பு நிறுவனம் 2013 செப்டம்பரில் மூடப்போவதாகச் சொல்லி, டேட்டாவை எடுத்துக்கொள்ள இரண்டு வாரம் போலத்தான் அவகாசம் கொடுத்தது.

நீக்குவதில் ஒரு வரிசை உண்டு. முதலில் அந்த இடத்துக்கு எழுதும் ஜாப் எல்லாவற்றையும் புதிய இடத்துக்குத் திருப்ப வேண்டும். புதிய இடத்தில் ஒரு முழு பேக்கப் எடுக்க வேண்டும். ஏனென்றால் அன்றாட பேக்கப்புகள் முந்தைய முழு பேக்கப்பின் தோளில் நிற்பவை, அடியில் இருப்பதை உருவினால் மேலே உள்ளதும் விழும். பழைய நகல்களின் வைப்புக்காலம் முடியும்வரை காத்திருக்க வேண்டும், அல்லது அவற்றை நகர்த்த வேண்டும். அதன் பிறகே நீக்கு பட்டன். அங்கேயும் பல சாஃப்ட்வேர்களில் இரண்டு வழி இருக்கும்: பட்டியலிலிருந்து மட்டும் எடுப்பது, டிஸ்க்கில் உள்ள ஃபைல்களையும் சேர்த்து அழிப்பது. நான் முதலாவதைத்தான் முதலில் அழுத்துவேன். பெயர் போனாலும் கிளவுடில் டேட்டா கிடக்கும், பில்லும் வரும். அதனால் அந்தக் கணக்கைத் தனியாகக் காலி செய்து, பழைய பாஸ்வேர்டுகளையும் நெட்வொர்க் ஷேர்களையும் மூட வேண்டும். 2017-ல் வானாக்ரை என்ற ரான்சம்வேர் பரவியபோது எஸ்டேட்டில் எல்லோரும் பயந்தது திறந்து கிடந்த பழைய ஷேர்களுக்குத்தான்.

கம்பெனிச் சட்டப்படி கணக்குப் புத்தகங்கள் எட்டு நிதியாண்டு இருக்க வேண்டும். ஜிஎஸ்டிக்கு வருடாந்தர ரிட்டர்ன் கெடுவிலிருந்து 72 மாதம். வழக்கு இருந்தால் இன்னும் அதிகம். அதுவரை பழைய டேப்பில் இருப்பதும் படிக்கும்படி இருக்க வேண்டும். போன பூஜை விடுமுறையில் ஒரு கம்பெனியில் மிஞ்சியிருந்தது ஒரு எல்டிஓ-6 டிரைவ். அவர்களுடைய பழைய டேப்புகள் எல்டிஓ-4. ஏழாம் தலைமுறை வரை எல்டிஓ டிரைவ் தனக்கு முந்தைய இரண்டு தலைமுறையைப் படிக்கும். எட்டாவது, முந்தையவற்றில் ஏழாவதை மட்டும்தான். ஆகவே இந்த டிரைவ் போனால் அந்த டேப்புகளை அங்கே படிக்க வழியில்லை. எல்லாவற்றையும் டிஸ்க்குக்கும் கிளவுடுக்கும் நகல் எடுத்தோம். எடுத்தது சரியா என்று பார்க்கக் கணக்குப் பிரிவுத் தலைவியிடம், ‘மேடம், ஏதாவது ஒரு வருஷம் சொல்லுங்க’ என்றேன். 2012 மார்ச் விற்பனைப் பதிவேடு கேட்டார். புதிய நகலிலிருந்து திறந்து கொடுத்தேன். பைண்டு செய்த பழைய பேலன்ஸ் ஷீட்டை மடியில் வைத்துக்கொண்டு, மொத்தத் தொகையைப் பென்சிலால் டிக் அடித்தார். அதற்கப்புறம்தான் அந்த டிரைவின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்தேன். டிரைவை அவர்கள் விற்கவில்லை. பட்டரவாக்கம் பக்கம் எல்டிஓ-5 டேப்புகளோடு தவிக்கும் இன்னொரு பட்டறைக்கு அதை இரவலாகக் கொடுத்திருக்கிறார்கள். அங்கே நகல் எடுக்கும் வேலை இப்போது நடந்துகொண்டிருக்கிறது.