ரேடியேட்டர் கசிவு தேடிய தொழில்

நன்னிலம் உள்ளிட்ட காவிரிப் படுகை ஊர்களில் வாடகைக் கார் என்றால் நெடுங்காலம் அம்பாசடர்தான். 2014 வரை தயாரான அந்தக் காரின் ரேடியேட்டர் செம்பு, பித்தளையால் ஆனது. ஓட்டை விழுந்தால் ஈயம் வைத்துப் பற்றவைக்கலாம்.

மெல்லிய கசிவைக் காண்பதுதான் கடினம். சூடான எஞ்சினில் நீர் சொட்டும் முன்பே ஆவியாகிவிடும். மெக்கானிக் ஹோஸ் இணைப்புகளிலும் வாட்டர் பம்பின் அடியிலும் காய்ந்த உப்புக்கறையைத் தேடுவார். பிறகு ரேடியேட்டரைக் கழற்றி, வாய்களை அடைத்து, தொட்டி நீரில் அமிழ்த்திக் காற்றடிப்பார். குமிழி கிளம்பும் இடமே ஓட்டை. வெளியே கறையின்றி எஞ்சின் ஆயில் பால்நிறமானால் ஹெட் கேஸ்கட்மீது சந்தேகம் விழும்.

1983இல் மாருதி 800 வந்த பின்னர், காலப்போக்கில் அலுமினிய ரேடியேட்டரும் நிறமேற்றிய கூலன்ட்டும் பரவின. கசிவின் தடத்தை நிறமே காட்டியது. அழுத்தச் சோதனைப் பம்பால் ரேடியேட்டரைக் கழற்றாமலே பார்க்க முடிந்தது. பற்றவைப்பு குறைந்து, புதிதாக மாற்றுவதே வழக்கமானது.