மூக்களவும் குருதியும்: தமிழ்நாட்டில் ‘இன’ அறிவியலின் வரலாறு

‘இனம்’ என்ற சொல் தமிழில் பல பொருள் தரும். ஆடுமாடுகளின் வகையும் இனம்தான், சொந்தபந்தமும் இனம்தான், சாதிச் சான்றிதழில் எழுதப்படுவதும் இனம்தான். 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய அறிவியல் இச்சொல்லின் மீது புதிய பொருள் ஒன்றை ஏற்றியது. மனிதர்களை உடற்கூற்றின்படி மாறாத பிரிவுகளாகப் பிரிக்கலாம், அறிவும் குணமும் அந்தந்தப் பிரிவோடு பிறப்பவை என்பது அப்பொருள். இக்கருத்து சென்னை மாகாணத்துக்குள் முதலில் அளவெடுப்பாகவும், அடுத்துச் சட்டமாகவும், பிறகு குருதிச் சோதனையாகவும் நுழைந்தது.

தொடக்கம் மொழியில் இருந்தது. ராபர்ட் கால்டுவெல் 1856-இல் வெளியிட்ட ஒப்பிலக்கணம் திராவிட மொழிகளைத் தனிக் குடும்பமாக நிறுவியது. மொழிக்குடும்பத்தைக் குறித்த அப்பெயரைப் பின்வந்த பலர் உடல்சார்ந்த இனத்தின் பெயராகவும் வாசித்தனர். மொழியும் உடலும் ஒன்றல்ல என்பதற்கு ஓசூரை அடுத்த தொரப்பள்ளி வட்டாரமே போதிய சான்று. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே சந்தையில் புழங்கும் எல்லைப்பகுதி இது. வீட்டில் ஒரு மொழியும் கடைத்தெருவில் வேறொரு மொழியும் பேசுவது இங்கே இயல்பு. பேசும் மொழியை வைத்து ஒருவரின் பிறப்பை அறிய முடியாது.

மொழி தராத விடையை உடலில் தேடியவர்களில் முதன்மையானவர் பிரிட்டிஷ் அதிகாரி ஹெர்பர்ட் ரிஸ்லி. மூக்கின் அகலத்தை அதன் உயரத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் கிடைப்பது மூக்குக் குறியீடு. அந்த எண் 70-க்குக் கீழ் இருந்தால் கூர்மூக்கு, 85-க்கு மேல் இருந்தால் அகன்ற மூக்கு. மூக்கு அகல அகலச் சாதியின் சமூக மதிப்பு குறைகிறது என்று வங்காளத்தில் எடுத்த அளவுகளைக் கொண்டு 1891-இல் ரிஸ்லி வாதிட்டார். 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு அவரே ஆணையர் ஆனார்.

சென்னையில் இப்பணியைச் செய்தவர் எட்கர் தர்ஸ்டன். 1885 முதல் 1908 வரை சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த அவர், தலை, மூக்கு, உயரம் ஆகியவற்றை மாகாணமெங்கும் காலிப்பர் கொண்டு அளந்தார். கே. ரங்காச்சாரியின் துணையோடு அவர் தொகுத்த ‘தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்’ 1909-இல் ஏழு தொகுதிகளாக வந்தது. வழக்கங்களைப் பற்றிய தகவல்களுக்காக அது இன்றும் புரட்டப்படுகிறது. அளவெடுப்புக் கலையைத் தர்ஸ்டன் காவல்துறையினருக்கும் கற்பித்தார். அறிவியல் அதிகாரத்தோடு கைகோத்த இடம் அது.

குற்றம் பிறப்பிலேயே வருகிறது என்ற எண்ணத்துக்கு 1871-இல் குற்றப் பரம்பரைச் சட்டம் வடிவம் தந்தது. 1911-இல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. மக்கள் அதை ரேகைச் சட்டம் என்றார்கள். சேலம் மாவட்டக் குறவர்கள் அதன் பிடியில் சிக்கினர். எருதுகளின் மேல் உப்பும் தானியமும் ஏற்றிச் சென்று விற்று வாழ்ந்த அவர்களின் பிழைப்பை அரசின் உப்புக் கொள்கையும் ரயில்பாதையும் பறித்தன. வறுமைக்கான காரணம் வணிகத்தில் இருக்க, பழி அவர்களின் குருதி மேல் விழுந்தது. 1920 ஏப்ரல் 3 அன்று மதுரை மாவட்டம் பெருங்காமநல்லூரில் இச்சட்டத்தை எதிர்த்த பிரமலைக் கள்ளர்கள் மீது காவல்துறை சுட்டதில் 16 பேர் இறந்தனர். சென்னை மாகாணத்தில் 1947-லும், நாடு முழுவதும் 1952-லும் இச்சட்டம் நீக்கப்பட்டது.

இனக் கோட்பாட்டை அதன் எண்களே கவிழ்த்தன. சமூகவியலாளர் ஜி. எஸ். குர்யே 1932-இல் அதே மூக்களவுகளை எடுத்து ஆராய்ந்து, வட இந்தியாவின் ஒரு பகுதிக்கு வெளியே சாதிப் படிநிலையும் மூக்களவும் பொருந்தவில்லை என்று காட்டினார். அம்பேத்கர் 1948-இல் அந்த அட்டவணைகளைக் கொண்டே தீண்டாமைக்கு இன வேறுபாடு காரணமல்ல என்று நிறுவினார். இனம் என்பது உயிரியல் உண்மை என்பதைவிடச் சமூகக் கற்பனையே என்று 1950-இல் யுனெஸ்கோவும் அறிவித்தது.

ஆனாலும் மூக்கை விட்ட தேடல் குருதிக்கு மாறியது. சிக்கில் செல் எனப்படும் அரிவாளணுச் சோகை அதுவரை ஆப்பிரிக்க இனத்தின் அடையாளமாகவே கருதப்பட்டது. 1952-இல் ஹெர்மன் லேமனும் மேரி கட்புஷும் நீலகிரியில் இருளர், குறும்பர் உள்ளிட்ட மக்களிடம் அதைக் கண்டனர். கோட்பாட்டைக் கைவிடுவதற்குப் பதிலாக, பழைய ‘வேடர் இனம்’ ஒன்று ஆசியாவிலிருந்து ஆப்பிரிக்காவுக்கு அதைக் கொண்டுசென்றிருக்கலாம் என்று லேமன் எழுதினார். உண்மையான காரணம் கொசுவில் இருந்தது. அரிவாளணு மரபணு ஒன்றை மட்டும் பெற்றவர்களுக்குக் கடும் மலேரியாவிலிருந்து பாதுகாப்பு கிடைக்கிறது என்று 1954-இல் ஆந்தனி அலிசன் காட்டினார். மலேரியா மண்டிய இடங்களில் அம்மரபணு நிலைத்தது. இந்தியாவிலும் அரபு நாடுகளிலும் உள்ள வகை ஆப்பிரிக்க வகைகளிலிருந்து தனியாகத் தோன்றியது என்பது 1980-களில் தெரியவந்தது.

2009-இல் ஐதராபாத் சி.சி.எம்.பி. ஆய்வகத்தின் குமாரசாமி தங்கராஜ், லால்ஜி சிங் ஆகியோர் அமெரிக்க அறிஞர்களுடன் வெளியிட்ட ஆய்வு, இந்தியர்களில் பெரும்பாலோர் இரு பழைய மூதாதைக் கூட்டங்களின் கலப்பு என்று காட்டியது. அகமணம் நெடுங்காலம் தொடர்ந்ததால் சில சமூகங்களில் சில மரபணு நோய்கள் மிகுந்துள்ளன. மருத்துவர் குடும்ப வரலாற்றையும் மண உறவையும் ஊரையும் கேட்பது அதனால் பயனுள்ளது. அக்கேள்விகளின் இடத்தில் ‘இனம்’ என்ற ஒற்றைச் சொல்லை வைத்தால் நோயறிதல் பிழைபடும்.

நாடெங்கும் பழங்குடிப் பகுதிகளில் ஏழு கோடிப் பேரைச் சோதிக்கும் சிக்கில் செல் ஒழிப்பு இயக்கம் 2023 ஜூலை 1 அன்று தொடங்கியது. சோதனை முடிவு சிகிச்சைக்கு வழிகாட்ட வேண்டும். ஒரு பெண்ணின் திருமணத்தைத் தடுக்கும் வசைச்சொல்லாக மாறிவிடக் கூடாது. பழங்குடியினரிடம் ஆய்வு செய்யும்போது சமூகத்தைக் கலந்துகொள்ள வேண்டும், ஒவ்வொருவரின் தனி ஒப்புதலையும் பெற வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள் சொல்கின்றன. காலிப்பரின் முன் நிறுத்தப்பட்ட மக்களிடம் இந்த ஒப்புதலை யாரும் கேட்கவில்லை. குருதி கொடுப்பவர்களிடம் அதைக் கேட்டுப் பெறுவதும், முடிவை அவர்கள் மொழியில் விளக்கி மருந்து தருவதும் மருத்துவத்தின் கடமை.