எரித்துப் பார்த்து அறிந்தவை

பிளசன்டனிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு பார்ட் ரயிலில் போய்வருபவன் நான். எங்கள் பக்கத்துக்கு அந்தப் பாதை 1997இல் வந்தது. ஓக்லண்ட் கழிந்ததும் ரயில் வளைகுடாவின் அடியில் 5.8 கிலோமீற்றர் நீளக் குழாய்க்குள் இறங்கும். ஊரில் பங்கருக்குள் ஒடுங்கிக் கிடந்த உடம்பு, ஒரு கணம் வாசலைத் தேடும்.

அந்தப் பயத்துக்குச் சரித்திரமும் உண்டு. 1979 ஜனவரி 17இல் அதே குழாய்க்குள் ரயிலொன்று தீப்பற்றியது. பயணிகள் தப்பினர், தீயணைப்பு அதிகாரி ஒருவர் இறந்தார். கொன்றது சுவாலையல்ல, புகை. இருக்கைகளின் பொலியூரித்தேன் நுரை எரிந்து நஞ்சைக் கக்கியது. இருக்கைகளை மாற்றியது அதன் பின்புதான். 1982 ஏப்ரல் 7, நள்ளிரவு கடந்து, கால்டிகொற் வீதிச் சுரங்கத்தில் பெற்றோல் பவுசர் எரிந்து ஏழு பேர் மாண்டனர்.

ஒவ்வொரு பாடத்துக்கும் பிணம்தானா கட்டணம்?

இதற்கொரு மாற்று வழியை மேற்கு வேர்ஜினியாவில் காட்டினார்கள். 1987இல் கைவிடப்பட்ட 853 மீற்றர் நீள மெமோரியல் சுரங்கத்தில், 1993 முதல் 1995 வரை 98 பரிசோதனைகள். தட்டுகளில் எண்ணெயை ஊற்றி 10 முதல் 100 மெகாவாற் வரை எரித்தார்கள். சூடான புகை கூரையோடு ஒட்டிக் காற்றுக்கு எதிராகவும் ஊர்ந்து வரும். போதிய வேகத்தில் காற்றை ஒரே திசையில் தள்ளினால் அதை மறிக்கலாம். கூரையில் தொங்கும் விசிறிகளே அதற்குப் போதும். கணக்கில் இருந்த இது, மெய்யான நெருப்பில் அளக்கப்பட்டது. ஆனால் புகை தள்ளப்படும் பக்கத்தில் ஆட்கள் அகப்பட்டிருந்தால்? விசிறியைச் சுழற்றுபவர் அதையும் தெரிந்திருக்க வேண்டும்.

1999 மார்ச் 24இல் மோன் பிளாங் சுரங்கத்தில் 39 பேர் இறந்தனர். எரிந்த லொறியில் இருந்தது பெற்றோல் அல்ல, மாவும் மாஜரீனும். 2003இல் நோர்வேயின் றூனெஹாமார் சுரங்கத்தில், மரத் தட்டுகளும் பிளாஸ்ரிக்கும் கொண்ட சாதாரண லொறிச் சுமையை எரித்தபோது 200 மெகாவாற்றைத் தாண்டியது. மெமோரியலில் வைத்த உச்ச எல்லையின் இரட்டிப்பு! பரிசோதனையும் நாம் கேட்கத் துணிந்த கேள்விக்கு மட்டுமே பதில் சொல்லும்.

இவையெல்லாம் வீண்செலவு என வாதிடும் நண்பர்கள் எனக்குண்டு. அவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஒரு வாசல் மட்டும் வைத்த பங்கர் சவக்குழி என்பதை எமக்கு எவரும் முன்கூட்டிப் பரிசோதித்துச் சொல்லவில்லை. அயலவரைத் தோண்டி எடுத்த பிறகே இரண்டாவது வாசலை வெட்டினோம்.