கூண்டில் நின்ற படைவீரர்கள்

சுந்தரபாண்டியம், வத்திராயிருப்பு, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் என நீளும் மலையடிவார ஊர்கள் 1985 வரை பழைய ராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்தவை. பிழைப்புத் தேடி பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கப்பலேறியவர்கள் அம்மாவட்டத்தில் ஏராளம். சுபாஷ் சந்திர போஸ் என்ற வங்காளப் பெயர் தென் தமிழகத்து வீடுகளில் இவ்வளவு இயல்பாகப் புழங்குவதற்கு முத்துராமலிங்கத் தேவரின் அரசியல் ஒரு காரணம் என்றால், அக்கரைச் சீமையிலிருந்து திரும்பியவர்கள் கொண்டுவந்த நினைவுகள் மற்றொரு காரணம். ஆயினும் இந்திய தேசிய ராணுவம் பற்றிய நமது நினைவு பெரும்பாலும் போர்க்களத்தோடு முடிந்துவிடுகிறது. தோற்றுத் திரும்பிய அப்படையினர் குற்றவாளிக் கூண்டில் நின்றபோது அவர்களுக்கு யார் துணை நின்றார்கள் என்ற கேள்வியை நாம் அதிகம் கேட்டுக்கொண்டதில்லை.

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தது. இரண்டு நாள் கழித்து ஃபேரர் பூங்காவில் பல்லாயிரம் இந்தியச் சிப்பாய்களை பிரிட்டிஷ் அதிகாரி ஒருவர் ஜப்பானியரிடம் ஒப்படைத்தார். யாருக்கு விசுவாசமாக இருப்பதென்று உறுதியெடுத்திருந்தார்களோ, அவர்களே கைவிட்டுப் போன நிலை. அச்சிப்பாய்களில் ஒரு பகுதியினரும், மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் உழைத்த தமிழர்கள் பலரும் சேர்ந்தே அந்தப் படை உருவாயிற்று. சென்னையிலிருந்து சென்று சிங்கப்பூரில் மருத்துவராயிருந்த லட்சுமி சுவாமிநாதன் தலைமையேற்ற ஜான்சிராணிப் படையிலும் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் திரளாகச் சேர்ந்தனர்.

போர் முடிந்ததும் பிரிட்டிஷ் அரசு இவர்களை வெள்ளை, சாம்பல், கறுப்பு என மூன்றாகப் பிரித்தது. விசுவாசம் மாறாதவர் வெள்ளை, வழிதவறியவர் சாம்பல், மனமுவந்து எதிர்த்தவர் கறுப்பு. கறுப்பில் அடங்கியோர் படையிலிருந்து நீக்கப்பட்டு, நிலுவைச் சம்பளத்தையும் இழந்தனர். ஒரு மனிதனின் வாழ்வு முழுவதும் ஒரு நிறத்தில் அடக்கப்பட்ட கதை இது.

முதல் வழக்கு 1945 நவம்பர் 5 அன்று தில்லி செங்கோட்டையில் தொடங்கியது. ஷா நவாஸ் கான், பிரேம் குமார் சேகல், குர்பக்ஷ் சிங் தில்லான் என்ற மூன்று அதிகாரிகள் ராணுவ நீதிமன்றத்தின் முன் நிறுத்தப்பட்டார்கள். ஒரு முஸ்லிம், ஓர் இந்து, ஒரு சீக்கியர் என மூவரை ஒரே கூண்டில் ஏற்றியது அரசின் பெரும்பிழை. நாடே அக்கூண்டில் தன்னைக் கண்டது. மன்னருக்கு எதிராகப் போர் தொடுத்தது முதன்மைக் குற்றச்சாட்டு. தம் படையைவிட்டு ஓடியவர்களைச் சுட்டுக் கொன்றது தொடர்பான குற்றச்சாட்டுகளும் உடன் இருந்தன என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. துணை நிற்பது என்றால் எல்லாம் நியாயமே என்று சாதிப்பதன்று. குற்றம் சாட்டப்பட்டவரின் பக்கத்தையும் முழுமையாகக் கேட்கச் செய்வது.

அந்த வேலையைத்தான் காங்கிரஸ் 1945 செப்டம்பரில் அமைத்த பாதுகாப்புக் குழு செய்தது. தேஜ் பகதூர் சாப்ரு, கைலாஷ் நாத் கட்ஜு, ஆசஃப் அலி ஆகியோர் அதில் இருந்தனர். ஜவாஹர்லால் நேரு கால் நூற்றாண்டாக ஒதுக்கி வைத்திருந்த வழக்கறிஞர் அங்கியை மீண்டும் அணிந்து வந்தார். வாதத்தின் பாரத்தைச் சுமந்தவர் புலாபாய் தேசாய். அவருடைய உடல்நிலை அப்போது நலிந்திருந்தது. லியாகத் அலி கானுடன் அவர் செய்துகொண்ட உடன்பாட்டின் காரணமாகச் சொந்தக் கட்சியிலேயே ஓரங்கட்டப்பட்டுமிருந்தார். சிங்கப்பூரில் 1943 அக்டோபர் 21 அன்று தற்காலிக அரசு முறையாக அறிவிக்கப்பட்டது. அவ்வரசின் படை நடத்தியது போர். அடிமைப்பட்ட மக்கள் விடுதலைக்காகப் போரிடும் உரிமை சர்வதேசச் சட்டத்துக்கு உடன்பாடானது. ஆகவே தனிநபர் குற்றமென இதை அளக்கலாகாது என்பது அவரது வாதத்தின் சாரம். 1946 மே 6 அன்று அவர் காலமானார். அவர் நடத்திய கடைசிப் பெரிய வழக்கு இதுவே.

மூவருக்கும் ஆயுள்காலத் தீவாந்தர தண்டனை விதிக்கப்பட்டது. ஆனால் தலைமைத் தளபதி ஆக்கின்லெக் 1946 ஜனவரி தொடக்கத்தில் அதை ரத்து செய்தார். பதவிநீக்கமும் சம்பள இழப்பும் மட்டும் நிலைத்தன. தண்டனையை நிறைவேற்றினால் இந்தியப் படையே கையைவிட்டுப் போகும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். அடுத்த மாதமே, கேப்டன் அப்துல் ரஷீத்துக்கு விதிக்கப்பட்ட ஏழாண்டுச் சிறைத்தண்டனையை எதிர்த்துக் கல்கத்தா கொந்தளித்தது. பம்பாயில் கடற்படையினர் கிளர்ந்தெழுந்தனர்.

இதே வரலாற்றின் மறுபக்கம் சென்னையில் இருக்கிறது. மலாயாவிலிருந்து நீர்மூழ்கியில் வந்து 1942 செப்டம்பரில் மலபார் கரையில் இறங்கிய வக்கம் அப்துல் காதரும், வேறு மூவரும் 1943 செப்டம்பர் 10 அன்று சென்னைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். அவர்களை விசாரித்தது எதிரி உளவாளிகளுக்கென அவ்வாண்டு பிறப்பிக்கப்பட்ட அவசரச் சட்டம். வெளியே மக்கள் திரளவில்லை. பாதுகாப்புக் குழு எதுவும் அமையவில்லை. தலைவர்கள் பலர் சிறையில் இருந்தார்கள். இரண்டே ஆண்டு இடைவெளி. அவர்களும் இவர்களும் எதிர்த்து நின்றது ஒரே அரசை. உயிர் தப்பியதற்கும் தப்பாததற்கும் இடையே நின்றவை காலமும், திறந்த விசாரணையும், துணைக்கு வந்த கரங்களுமே என்று நமக்குத் தோன்றுகிறது.

விடுதலைக்குப் பின்னும் கதை இனிதாக முடியவில்லை. நீக்கப்பட்டவர்களைச் சுதந்திர இந்தியா மீண்டும் ராணுவத்தில் சேர்த்துக்கொள்ளவில்லை. ஷா நவாஸ் கான் நாடாளுமன்ற உறுப்பினரானார், அமைச்சருமானார். பெயர் தெரியாத சிப்பாய்க்கும் தோட்டத் தொழிலாளிக்கும் அந்த வழி இல்லை. சுதந்திரத்தின் வெள்ளிவிழா ஆண்டான 1972இல்தான் மத்திய அரசின் தியாகிகள் ஓய்வூதியத் திட்டம் வந்தது. அதற்கிருந்த வருமான வரம்பு 1980இல்தான் நீங்கியது. பட்ட துன்பத்தைத் தாளில் நிரூபிக்கும் சுமை முதியவர்கள் தலையிலேயே விழுந்தது.

படையிலிருந்து திரும்பியவர் நீதிமன்றத்தில் நிற்பது இன்று வேறு வடிவில் தொடர்கிறது. கொரியப் போரில் காயமுற்ற ஒருவர் பின்னாளில் கொலைக் குற்றத்துக்காக மரண தண்டனை பெற்றார்; அவருடைய போர் அனுபவத்தை வழக்கறிஞர் நீதிமன்றத்தின் முன் வைக்கவே இல்லை. 2009இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் அக்குறையைச் சுட்டி அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அதற்கு முந்தைய ஆண்டு, பஃபலோ நகரில் நீதிபதி ராபர்ட் ரசல் முன்னாள் வீரர்களுக்கெனவே தனி நீதிமன்றம் ஒன்றைத் தொடங்கியிருந்தார். சிறைக்கு மாற்றாகச் சிகிச்சையும், மற்றொரு முன்னாள் வீரரின் வழித்துணையும் அங்கு தரப்படுகின்றன. நம் நாட்டின் 1987ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் இலவச உதவிக்குரியோரைப் பட்டியலிடுகையில் முன்னாள் படைவீரரைத் தனியே குறிப்பிடவில்லை. காவலில் இருப்பவர் என்ற முறையிலோ வருமானம் குறைந்தவர் என்ற முறையிலோ அவர் உதவி பெறலாம். 2025இல்தான் தேசிய ஆணைக்குழு படைவீரர் குடும்பங்களுக்கெனத் தனித் திட்டம் தொடங்கியது.

திட்டம் இருப்பது நல்லது. அது மலையடிவாரக் கிராமத்தில் ஓய்வுபெற்று வாழும் ஒரு ஹவில்தாரின் வீட்டுக்கதவை எட்டுகிறதா என்பதே கேள்வி. செங்கோட்டையில் அங்கியணிந்து நின்ற வழக்கறிஞர்களை நாம் பெருமையோடு நினைவுகூர்கிறோம். அந்நினைவுக்கு உண்மையான மரியாதை, நாடே பார்த்துக்கொண்டிராத வழக்கிலும், பெயர் பெறாத வீரருக்கும் அப்படி ஒருவர் எழுந்து நின்று பேசுவதில்தான் இருக்கிறது.